பெருங்காயம் இல்லையா? கவலை வேண்டாம்!

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்பது பழமொழி. கரும்பாலை இல்லாத ஊரில், இனிப்புள்ள இலுப்பைப் பூவே சர்க்கரையின் வேலையைச் செய்யுமாம். இது சமையலறைக்கு மிகவும் பொருந்தும். அடுப்பில் பருப்பு கொதிக்கும். அஞ்சறைப் பெட்டியில் வேண்டிய சரக்கு இராது. மாதக் கடைசியாகவும் இருக்கும். அப்போது திகைக்காமல், அந்தச் சரக்கு குழம்பில் என்ன வேலை செய்கிறது என்று சிந்திக்க வேண்டும். புளிப்பா, காரமா, மணமா, நிறமா? வேலை தெரிந்தால் மாற்றும் தெரிந்துவிடும்.

முதலில் பெருங்காயத்தைப் பார்ப்போம். ஈரான், ஆப்கானிஸ்தான் நாடுகளில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால் உறைந்ததே பெருங்காயம். நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020-ஆம் ஆண்டில்தான் இதைப் பயிரிடும் முயற்சி தொடங்கியது. இதன் மணத்திற்குக் காரணம் கந்தகம் கலந்த பொருள்கள். பூண்டிலும் வெங்காயத்திலும் இத்தகைய பொருள்களே உள்ளன. ஆகவே நான்கு பேருக்கான சாம்பாரில், இரண்டு மூன்று பூண்டுப் பற்களை நசுக்கி எண்ணெயில் சிவக்க வதக்கிச் சேர்த்தால் பெருங்காயத்தின் குறை தெரியாது. பூண்டு, வெங்காயம் சேர்க்காத வீடுகளில் பெருங்காயமே அவற்றின் இடத்தை நிரப்புகிறது என்பதையும் நினைவிற்கொள்க.

புளி இல்லையென்றால் மீன் குழம்புக்கு மாங்காய் கைகொடுக்கும். மாங்காய் வெந்த பிறகே மீனைப் போட வேண்டும். எலுமிச்சைச் சாறானால் அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழிய வேண்டும், கொதித்தால் கசந்துவிடும்.

மிளகாய் தீர்ந்தால் மிளகு இருக்கிறது. உண்மையில் மிளகாய்தான் பின்னால் வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அது, 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்த பிறகே போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டை அடைந்தது. அதுவரை நம் சமையலுக்கு மிளகே காரம் தந்தது. மிளகுத்தூளைக் கடைசியில் தூவினால் மணம் போகாது.

கிறிஸ்துமஸ் கேக்கிற்கு ஜாதிக்காய் கிடைக்காவிட்டால் ஜாதிபத்திரியைச் சேர்க்கலாம். இரண்டும் ஒரே பழத்தில் விளைபவை. கொட்டையின் மேல் படர்ந்திருக்கும் சிவப்பு உறையே ஜாதிபத்திரி.

எல்லாவற்றிற்கும் முழு மாற்று இல்லை. குங்குமப்பூவுக்குப் பதில் மஞ்சள் சேர்த்தால் நிறம் வரும், மணம் வராது.

தோழியரே, ஒன்றை மறவாதீர்கள். மாற்றுப் பொருள் வேறு, கலப்படம் வேறு. மிளகில் பப்பாளி விதையைக் கலந்து விற்பவன் மறைத்துச் செய்கிறான், வாங்குபவர் ஏமாறுகிறார். நாம் மாற்றிச் சமைக்கும்போது உண்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இது நேர்மை மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ சேர்ந்திருக்கும். கோதுமை ஒவ்வாத ஒருவர் நம் வீட்டு விருந்தினராக இருந்தால், பூண்டு போட்ட சாம்பார் அவருக்கு நன்மை. கோதுமை மாவு கலந்த பெருங்காயம் போட்டதோ தீமை. டப்பாவின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பார்ப்பதும் சமையற்கலையில் ஒரு பகுதியே.

இருப்பதைக் கொண்டு சுவையாகச் சமைப்பது திறமை. சமைத்ததை மறைக்காமல் சொல்லிப் பரிமாறுவது அன்பு. இரண்டும் சேர்ந்த கைக்கே "கைமணம்" என்ற பெயர் பொருந்தும்.