கிரீன்வூட்: தீயில் மீண்ட ஊரை வீதி விழுங்கிய கதை

ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள டல்சா நகரில், கிரீன்வூட் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு 1921ஆம் ஆண்டு எரித்து அழிக்கப்பட்டது. நூற்றாண்டு நினைவையொட்டி 2021இல் உலக ஊடகங்கள் இதைப் பற்றிப் பேசியபோதுதான் நம்மில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டோம். ஆனால் கிரீன்வூட்டின் கதை தீயோடு முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

1906இல் ஓ. டபிள்யூ. கர்லி என்ற கறுப்பின வர்த்தகர் ரயில் பாதைக்கு வடக்கே 40 ஏக்கர் காணி வாங்கி, தம் மக்களுக்கே துண்டு துண்டாக விற்றார். எண்ணெய் கிடைத்ததால் டல்சா செழித்துக்கொண்டிருந்த காலம் அது. கறுப்பின மக்கள் பாதைக்குத் தெற்கே வெள்ளையரின் வீடுகளில் சமையல், கூட்டித் துடைத்தல், சாரதி வேலை என்று உழைத்தனர். ஆனால் அங்குள்ள கடைகளில் அவர்களுக்கு மரியாதையான இடம் இருக்கவில்லை. எனவே சம்பளம் கிரீன்வூட்டுக்கு வந்து அங்கேயே செலவானது. பலசரக்குக் கடைகள், தையற்கடைகள், சிகை அலங்கார நிலையங்கள், லூலா வில்லியம்ஸ் என்ற பெண்மணியின் ட்ரீம்லாண்ட் திரையரங்கு, ஸ்ட்ராட்போர்ட் ஹோட்டல், பத்திரிகைகள், வைத்தியர்கள், சட்டத்தரணிகள் என எல்லாம் அங்கே இருந்தன. 'கறுப்பு வோல் ஸ்ட்ரீட்' என்ற பட்டப்பெயரைக் கேட்டுப் பங்குச் சந்தை ஒன்றைக் கற்பனை செய்துவிட வேண்டாம். ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் கூலிப் பணத்தில் வளர்ந்த கடைத்தெரு அது.

1921 மே 30ஆம் திகதி, சப்பாத்துத் துடைக்கும் தொழில் செய்த 19 வயது டிக் ரோலண்ட், மின்தூக்கியில் ஒரு வெள்ளை இனப் பெண்ணைத் தாக்கியதாகக் கதை பரவியது. மறுநாள் பத்திரிகையொன்று அதை ஊதிப் பெருப்பித்தது. நீதிமன்றக் கட்டடத்தின் முன் கும்பல் கூடியது. அவரைக் கொன்றுவிடுவார்கள் என்றஞ்சி, முதலாம் உலக யுத்தத்தில் போரிட்டவர்கள் உட்பட கறுப்பின ஆண்கள் சிலர் ஆயுதங்களோடு பாதுகாப்புக்குச் சென்றனர். ஒரு துப்பாக்கி வெடித்தது. அதன்பின் வெள்ளையர்கள் பலரை நகர நிர்வாகம் தற்காலிகப் பொலிஸாராக்கி, ஆயுதமும் கொடுத்தது. ஜூன் முதலாம் திகதி விடிந்ததும் வீடுகள் முதலில் கொள்ளையிடப்பட்டன, பிறகு கொளுத்தப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி 1,256 வீடுகள் எரிந்தன. உத்தியோகபூர்வமாக 36 பேர் இறந்தனர். 300 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பிற்கால மதிப்பீடு. தடுத்துவைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வெளியே வர, வெள்ளையர் ஒருவர் வந்து உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. டிக் ரோலண்ட் மீதான வழக்கு சில மாதங்களில் கைவிடப்பட்டது. கொலைக்கோ தீவைப்புக்கோ எந்த வெள்ளையரும் தண்டிக்கப்படவில்லை.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். நடந்ததை அதிகாரிகள் 'இனக் கலவரம்' என்று பதிந்தனர். காப்புறுதிப் பத்திரங்களிலோ, கலவரத்தால் ஏற்படும் இழப்புக்கு நட்டஈடு இல்லை என்ற வாசகம் இருந்தது. அந்த ஒரு சொல்லில் எல்லாக் கோரிக்கைகளும் தட்டிக்கழிக்கப்பட்டன. மவுண்ட் சயன் தேவாலயம் கட்டி முடிந்து சில வாரங்களிலேயே எரிந்தது. இல்லாத கட்டடத்துக்காக வாங்கிய கடனை அந்தச் சபையார் 1942 வரை கட்டித் தீர்த்தார்கள்.

மாநகர சபை அடுத்த முட்டுக்கட்டையைப் போட்டது. இனிக் கட்டுவதானால் தீப்பிடிக்காத பொருட்களால் இரண்டு மாடியாவது கட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கூடாரத்தில் கிடப்பவர்களால் அது இயலாது. காணியை விற்றுவிட்டுப் போவார்கள் என்பதே கணக்கு. பி. சி. பிராங்க்ளின் என்ற சட்டத்தரணி, தாமும் அலுவலகத்தை இழந்து ஒரு கூடாரத்தில் அமர்ந்துகொண்டு, அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடி வென்றார். மக்கள் மீண்டும் கட்டினார்கள். 1925இல் நாடு முழுவதிலுமுள்ள கறுப்பின வர்த்தகர்களின் மாநாடே டல்சாவில் நடந்தது. 1940களின் தொடக்கத்தில் கிரீன்வூட்டில் இருநூறுக்கும் அதிகமான வியாபாரங்கள் இயங்கின.

தீயால் முடியாததைக் கடதாசி செய்தது. 1930களில் வீட்டுக் கடனுக்கான வரைபடங்களில் இப்பகுதி ஆபத்தானதென்று சிவப்பு நிறம் தீட்டப்பட்டது; வங்கிக் கடன் அரிதானது. நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் நீங்கியபோது பணமும் தெற்கேயுள்ள கடைகளுக்குப் போனது. இது நியாயமான மாற்றத்தின் எதிர்பாராத விளைவு, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் 1960களில் வந்த 'நகரப் புனரமைப்பு' அப்படியல்ல. அரசாங்கம் காணிகளைச் சுவீகரித்தது. அதிவேக நெடுஞ்சாலையொன்று கடைத்தெருவின் நடுவே கொண்டுசெல்லப்பட்டது. எரித்த இடத்தில் திரும்பிக் கட்டலாம், தூண்கள் நின்ற இடத்தில் என்ன கட்டுவது?

மாநில ஆணைக்குழு 2001இல் நட்டஈட்டைப் பரிந்துரைத்தும் சட்டசபை கொடுக்கவில்லை. நூறு வயதைத் தாண்டி உயிரோடிருந்தவர்களின் வழக்கை ஒக்லஹோமா உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் நிராகரித்தது. 2025இல் நகரின் முதல் கறுப்பின மேயர் 105 மில்லியன் டொலர் நிதியமொன்றை முன்மொழிந்தார்.

இன்று அங்கே நடைபாதையில் சிறு உலோகத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் 1921இல் அழிந்த ஒரு கடையின் பெயர் இருக்கிறது. அதன்கீழ், மீண்டும் திறக்கப்பட்டதா இல்லையா என்ற குறிப்பும் இருக்கிறது. நெடுஞ்சாலைக்காக அகற்றப்பட்ட கடைகள் எவை என்பதை அந்தத் தகடுகள் சொல்வதில்லை.