வட்டின் அளவும் எண்ணின் எல்லையும்

பிற மாநிலங்களில் வாழும் நமக்குப் படிவக் கட்டங்கள் புதியனவல்ல. ஊர்ப்பெயர், தந்தை பெயர், தம் பெயர் என எழுதிவருவோம். பெயர் முடியுமுன் கட்டங்கள் முடிந்துவிடும். குறை பெயரில் இல்லை. இவ்வளவு போதுமென்று கட்டம் வகுத்தவரின் கணக்கில் உள்ளது. கணிப்பொறியின் சேமிப்பு வட்டுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. அதன் காரணத்தை இங்கு ஆராய்வோம்.

இயங்குதளம் செயற்படும் முறையை மாணவர் கற்றறியும்பொருட்டு, ஆம்ஸ்டர்டாம் நகரில் பேராசிரியராயிருந்த ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் மினிக்ஸ் என்னும் சிறு இயங்குதளத்தை ஆக்கினார். அதில் வட்டு 1,024 பைட் கொண்ட கூறுகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எண். அவ்வெண்ணை எழுதப் பதினாறே கட்டங்கள். கட்டத்துக்கு ஒன்று அல்லது சுழி. ஆகவே 65,536 எண்களே இயலும். ஒரு பகுதியின் பேரளவு 64 மெகாபைட்.

இதனைக் குறுகிய நோக்கெனல் தகாது. 1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணிப்பொறியின் வட்டு 20 மெகாபைட்டே. நினைவகம் சிறிதாயிருந்த நாளில் எண்ணைச் சுருக்குவது சிக்கனம்.

வட்டு வளர்ந்தது, எண் வளரவில்லை. பெரிய வட்டைப் பல பகுதிகளாகத் துண்டிக்க வேண்டியதாயிற்று. ஒரு குதிர் நிரம்பி வழிய, அடுத்த குதிர் வெறுமையாயிருப்பது போன்ற நிலை அது. ஒரே கோப்பை இரு பகுதிகளில் பிரித்து வைக்கவும் இயலாது. எல்லையைச் சோதியாமல் எழுதினாலோ இடர் பெரிது: 65,536 என்னும் எண் பதினாறு கட்டங்களில் தலையிழந்து சுழியாகிவிடும், கடைசியில் எழுதவேண்டியது தொடக்கத்தின்மேல் விழுந்து அங்குள்ளதை அழித்துவிடும்.

1991-இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், முதலில் மினிக்ஸின் கோப்பு முறையையே மேற்கொண்டது. எல்லையும் உடன் வந்தது. கோப்பின் பெயருக்கும் பதினான்கு எழுத்துகளே இடம். 1992-இல் ரெமி கார்டு வகுத்த எக்ஸ்ட் என்னும் முறை, பகுதியின் எல்லையை 2 கிகாபைட்டாகவும் பெயரின் எல்லையை 255 எழுத்துகளாகவும் உயர்த்தியது.

இது பழங்கதை மட்டுமன்று. எம்.பி.ஆர். என்னும் பழைய பகுப்பு அட்டவணையில் எண்ணுக்கு 32 கட்டங்களே உண்டு. ஏறத்தாழ 429 கோடி கூறுகள், கூற்றுக்கு 512 பைட் எனக் கொண்டால் 2 டெராபைட்டில் கணக்கு நின்றுவிடும். நான்கு டெராபைட் வட்டை வாங்கிப் பாதியே தெரிகிறதென வருந்துவோர் முதலில் நோக்கவேண்டியது இதனையே. ஜி.பி.டி. அட்டவணையில் 64 கட்டங்கள் உள்ளன. ஆனால் அட்டவணையை மாற்றுங்கால் வட்டில் உள்ளவை அழிய நேரலாம். ஊரிலுள்ள பெற்றோரின் நிழற்படங்களையும் நிலப்பத்திரங்களின் படிகளையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்த பின்னரே அதில் கைவைத்தல் நன்று.

கொள்கலம் பெரிதாயிருப்பது மட்டும் போதாது. அதன் மூலைமுடுக்கெல்லாம் பெயர் சொல்லி அழைக்க எண் வேண்டும். எண் இல்லா இடம் இருந்தும் இல்லாததே.