எக்ஸ்ரேயில் சரி, நடையில் கோணல்

நான்கு மாத லேப்ரடார் குட்டி மாடிப்படியில் உருண்டு விழுகிறது. எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. வலிக்கு மருந்து கொடுத்ததும் சில நாளில் பழையபடி ஓடுகிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு முன்னங்கால் வளைந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது.

அடிபட்டது எலும்பு நுனிக்கு அருகே இருக்கும் வளர்ச்சித் தட்டு. எலும்பை நீளவைப்பது இந்த மெல்லிய குருத்தெலும்பு அடுக்குதான். எக்ஸ்ரேயில் வெறும் கறுப்புக் கோடாகத் தெரியும். நசுங்கியிருந்தாலும் அன்றைக்குக் காட்டிக்கொடுக்காது. கனடாவின் சால்டர், ஹாரிஸ் இருவரும் 1963இல் குழந்தைகளுக்காக வகுத்த ஐந்து வகைப் பட்டியலையே கால்நடை மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். இந்த நசுங்கல் அதில் ஐந்தாவது.

நாயின் முன்னங்காலில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் ஜோடியாக வளர்கின்றன. அல்னாவின் வளர்ச்சியில் ஏறத்தாழ 85 சதவீதம் மணிக்கட்டுப் பக்கத் தட்டிலிருந்து வருகிறது. நாய்க்கு அது கூம்பு வடிவம். தட்டையாக இருந்தால் அடிபட்டதும் வழுக்கி விலகிவிடும். கூம்புக்கு விலக வழியில்லை, நசுங்குகிறது. அல்னா நின்றுவிட, ரேடியஸ் மட்டும் வளர்ந்து, நாண் இழுத்த வில்லைப்போல வளைகிறது. முழங்கை மூட்டும் விலகத் தொடங்கும்.

இதற்கு அல்னாவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து ரேடியஸை விடுவிப்பார்கள். சிக்கல் இங்கேதான். குட்டியின் எலும்பு அவ்வளவு வேகமாக வளர்ந்து அந்த இடைவெளியை மூடிவிடும்; கால் மறுபடி வளையும். அதனால் குட்டியின் உடம்பிலிருந்தே கொஞ்சம் கொழுப்பை எடுத்து இடைவெளியில் வைத்து அடைக்கிறார்கள். வயதான நாயில் எலும்பு ஒட்டவில்லையே என்பது கவலை. குட்டியிடமோ, ஒட்டக்கூடாததும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது.

இதன் மோசமான வடிவம் பின்னங்காலில் வரும். தொடை எலும்பு முழங்காலுக்கு மேலே முறிந்த குட்டிக்கு, முன்தொடைத் தசை புது எலும்போடு ஒட்டி இறுகிவிடலாம். முழங்கால் மடங்காமல் கால் கட்டையாக நீட்டிக்கொள்ளும். விரல்களின் மேல்புறம் தரையில் தேய்ந்து புண்ணாகும். எக்ஸ்ரேயில் முறிவு அருமையாகக் கூடியிருக்கும்! இறுகியபின் மறு ஆபரேஷன் செய்தாலும் பலன் குறைவு. காலையே எடுக்க நேர்வதும் உண்டு. காலை நீட்டிவைத்துக் கட்டி வாரக்கணக்கில் விடுவது இதற்கு முக்கியக் காரணம். முறிவை உறுதியாகப் பொருத்தி, மருத்துவர் சொன்னதும் முதல் சில நாளிலேயே முழங்காலை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சி தொடங்கிவிட வேண்டும். குட்டி முனகினால் மனசு கேட்காது, நிறுத்திவிடத் தோன்றும். அந்தப் பாசம்தான் ஆபத்து.

வளர்ச்சித் தட்டே முறிந்திருந்தால் மரையில்லாத வழுவழுப்பான மெல்லிய கம்பிகளைக் குறுக்கே செலுத்துவார்கள். எலும்பு அவற்றின்மேல் வழுக்கியபடி வளரலாம். மரையுள்ள ஸ்க்ரூ தட்டைப் பூட்டிவிடும். அப்படியும் தட்டு மூடிக்கொள்வதுண்டு. தொடையில் ஒரே எலும்பு என்பதால், கொஞ்சம் குட்டையானாலும் நாய் மூட்டுகளை நீட்டிச் சமாளித்துவிடும். ஜோடி எலும்பில் அந்தச் சலுகை கிடையாது.

மாவுக்கட்டு போட்டால் நடுவிரல் இரண்டின் நுனி வெளியே தெரிய வேண்டும். நகங்கள் ஒன்றைவிட்டொன்று விரிந்தாலோ விரல் சில்லிட்டாலோ கட்டு இறுகிவிட்டது என்று அர்த்தம். வளரும் காலுக்கு நேற்றைய அளவு இன்றைக்குப் போதாது.

இந்த வளர்ச்சியை வேண்டுமென்றே நிறுத்தும் ஆபரேஷனும் இருக்கிறது. இடுப்பு மூட்டு தளர்வாக உள்ள குட்டிக்கு, ஐந்து மாத வயதுக்குள், இடுப்பெலும்பின் அடிப்பக்க வளர்ச்சித் தட்டை மின்சூட்டால் தீய்த்துவிடுவார்கள். மற்ற பகுதி வளர வளர, இடுப்பு மூட்டின் கிண்ணம் திரும்பி தொடை எலும்பின் தலையை நன்றாக மூடும். அந்த வயதில் பெரும்பாலும் நொண்டல் இருக்காது. சந்தேகப்பட்டுச் சோதித்தால்தான் உண்டு. பிற்பாடு எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த நாயின் இடுப்பு நல்லதாகத் தெரியும்; ஆனால் அதன் குட்டிகளுக்குப் போவது பழைய மரபணுதான் என்பதால் கருத்தடையும் சேர்த்தே செய்யச் சொல்கிறார்கள்.