சுரம் எழுதும் கணிப்பொறியில் விசை மக்கர் செய்கிறதா?

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் கீபோர்டும் வயலினும் மேனாட்டு முறையில் கற்று வருகிறார்கள். ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பைச் சரளமாகப் படிப்பவர்கள், ஸ ரி க ம எழுதிக் கொடுத்தால் விழிக்கிறார்கள். ஆகவே வீட்டுப் பெரியவர்கள் பாடும் தாலாட்டு, கும்மி, நலங்குப் பாட்டுகளைக் கணிப்பொறியில் எழுதித் தருவதை ஓய்வுக்காலப் பணியாக வைத்திருக்கிறேன். இதற்கு மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

எண்பது வயதுப் பாட்டி பாடிக்கொண்டிருக்கையில் விசை மக்கர் செய்தால் அவர் களைத்துப்போவார். விட்ட அடி மறுபடி நினைவுக்கு வருமா என்பது நிச்சயமில்லை. எனவே பழுதை விரைவாகக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ரயில்வே சிக்னல் பிரிவில் நாங்கள் கடைப்பிடித்த முறை எளிது. பழுது எங்கே இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, மிச்சமுள்ள இடத்தில் தேடுவோம்.

முதலில் நோட்பேடைத் திறந்து அதே விசையைத் தட்டுங்கள். எதுவுமே வராவிட்டால் கோளாறு விசைப்பலகையில். 'ஏ' விசைக்கு 'அ' வந்தால், யாரோ தமிழில் தட்டச்சு செய்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். இது தமிழர் வீட்டுக்கே உரிய பழுது! விண்டோஸ் விசையை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

விசைப்பலகை சரியென்றால், எந்த நிலையில் இருக்கிறோம் என்று பாருங்கள். மியூஸ்ஸ்கோரில் 'என்' விசை தட்டினால்தான் சுரம் எழுதும் நிலை வரும். எஸ்கேப் தட்டினால் விலகும். பாடல் வரி எழுதும் பெட்டியில் கர்சர் நின்றால், எழுத்து விசைகள் எழுத்தைத்தான் தரும். பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, வண்டி அந்தப் பக்கம்தானே போகும்!

அடுத்து எண்கள். மியூஸ்ஸ்கோரில் 5 என்றால் கால் சுரம், 4 அரைக்கால், 3 வீசம். சிபேலியஸில் வலப்பக்க எண் பலகையின் 4 கால் சுரம். அங்கே நம்லாக் விளக்கும் எரிய வேண்டும். அதிலிருந்து மாறி வந்தவர்கள் விசை கெட்டுவிட்டதாக எண்ணிவிடுவார்கள். ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. அதிலும் 5 கால் சுரம்தான் என்பதால், அங்கிருந்து வருபவர்களுக்கு எண்களில் சிரமமில்லை.

இன்னும் சரியாகவில்லையா? அதே கட்டளையை மெனுவில் சொடுக்குங்கள். அங்கே வேலை செய்தால், அறுந்திருப்பது விசைக்கும் கட்டளைக்கும் இடையிலான இணைப்பு மட்டுமே. பின்னணியில் ஓடும் வேறு நிரல் அந்த விசைகளைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். பிறகு எடிட், பிரிஃபரன்ஸஸ், ஷார்ட்கட்ஸ் என்று போய், அந்தக் கட்டளைக்கு எந்த விசை பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் திருப்புவது கடைசி வழி. நீங்களே அமைத்த விசைகள் அதில் அழிந்துவிடும், முன்னதாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கமகத்தின் குழைவு முழுவதும் கோட்டுக்குள் அடங்காது. ஆகையால் பாட்டி பாடும்போதே செல்பேசியில் பதிவும் செய்துவிடுங்கள். விசை மக்கர் செய்தாலும் பாட்டு தங்கும். வரும் பொங்கலுக்குள் வீட்டுக்கு ஒரு பாட்டாவது எழுதப்பட்டுப் பிள்ளைகள் கையில் சேரட்டும்.