மண்ணுக்கடியில் குளிரும் காற்று

கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாடு, மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோ. அங்குள்ள காண்டோ கிராமத்தில் பிறந்தவர் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கேரே. 2022இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர். ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதிலேயே வெளியூர் போய்ப் படித்தவர்.

அதே ஊருக்கு அவர் வடிவமைத்த உயர்நிலைப் பள்ளிக்கு ஏசி தேவையில்லை. வெளிக்காற்று, பூமிக்கடியில் பதித்த குழாய்கள் வழியே வருகிறது. சேமித்த மழைநீர் பாய்ச்சிய ஈரமண்ணில் குளிர்ந்து வகுப்பறைக்குள் நுழைகிறது. சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும். வெறும் தகரக் கூரை என்றால் வகுப்பறை அடுப்புதான்! அதனால் தகரத்தை உயர்த்திவிட்டு, அடியில் இன்னொரு கூரை. சுவருக்கு உள்ளூர்க் களிமண், கொஞ்சம் சிமென்ட். புழுதிக்காற்றை மறிக்க, சுற்றிலும் மண்மேடு.