ஊர் சுமக்க வேண்டியதை ஒருவர் சுமந்தார்

மார்க்கக் கடமைகளை நம் இமாம்கள் இரு வகையாகப் பிரித்துள்ளனர். ஐவேளைத் தொழுகை, ரமளான் நோன்பு போல ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விதிக்கப்பட்டவை ‘ஃபர்ளு ஐன்’. மரித்தவரைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்கம் செய்வது போல, ஊரார் அனைவர் மீதும் பொதுவாக விதிக்கப்பட்டவை ‘ஃபர்ளு கிஃபாயா’. பின்னதைச் சிலர் நிறைவேற்றிவிட்டால் மற்றவர் பொறுப்பு நீங்கும். எவருமே நிறைவேற்றாவிடின் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவர்.

மருத்துவத்தையும் இவ்வகைக் கடமையாகவே ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் எண்ணுகிறார்கள். சட்டக்கலை பயில மக்கள் முண்டியடித்துக்கொண்டு செல்கின்ற ஊர்களில் மருத்துவம் பயில ஒரு முஸ்லிமும் முன்வரவில்லையே என்று அவர்கள் வருந்தியதும் உண்டு. அவர்களுடைய ஆசிரியரான இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களோ ஒரு படி மேலே சென்று, தனிக்கடமையைச் செய்பவர் தம் பொறுப்பை மட்டுமே இறக்குகிறார்; பொதுக்கடமையைச் செய்பவரோ சமுதாயம் முழுவதன் பொறுப்பையும் இறக்குகிறார்; ஆதலின் அவருக்குச் சிறப்பு மிகுதி என்று கருதினார்கள்.

இக்கருத்து ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. நம் காலத்திலேயே அதற்கு உருக்கொடுத்த ஓர் ஏழைத் தொழிலாளி உண்டு. மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் தலாபாரி என்னும் சிற்றூரைச் சேர்ந்த கரீமுல் ஹக், தேயிலைத் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவர். 1995ஆம் ஆண்டு அவருடைய அன்னை நோயால் துடித்தபோது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஒரு வாகனம் கிடைக்கவில்லை. வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டியும் பயனில்லை. அன்னையார் வீட்டிலேயே உயிர்நீத்தார்.

ஆண்டுகள் சென்றன. 2007இல் உடன் உழைத்த ஒருவர் தோட்டத்திலேயே மயங்கி விழுந்தார். அன்றும் ஆம்புலன்ஸ் வரவில்லை. கரீமுல் ஹக் அவரைத் தம் முதுகோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏற்றி மருத்துவமனை சேர்த்தார். நோயாளி பிழைத்தார். அதன்பின் கடன்பட்டுத் தமக்கென ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். மருத்துவர்களிடம் முதலுதவி கற்றார். சுற்றிலுமுள்ள சுமார் 20 கிராமங்களுக்கு இரவென்றும் பகலென்றும் பாராது ஓடினார். மாதம் சில ஆயிரம் ரூபாயே ஊதியம். அதில் ஒரு பகுதி பெட்ரோலுக்குப் போயிற்று. எவரிடமும் கட்டணம் கேட்டதில்லை. எவருடைய சமயத்தையும் வினவியதில்லை. ஆயிரக்கணக்கானோர் அவர் முதுகில் சாய்ந்து மருத்துவமனை கண்டனர். 2017ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்துப் பெருமைப்படுத்தியது.

முதுகில் சுமப்பது என்றதும் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நினைவு எழாமல் இராது. பசித்த குழந்தைகளை ஏமாற்ற வெறும் பானையை அடுப்பிலேற்றியிருந்த ஒரு தாய்க்காக, நள்ளிரவில் மாவு மூட்டையைத் தாமே சுமந்தார்கள் அம்மாமன்னர். ‘நான் சுமக்கிறேன்’ என்று முன்வந்த பணியாளரை நோக்கி, மறுமையில் என் பாவச் சுமையையும் நீ சுமப்பாயா என்ற கருத்துப்படக் கேட்டார்கள். அதிகாரம் உள்ளவர் அஞ்சவேண்டிய கேள்வி அது.

உயிருள்ளோரை ஒருவர் சுமந்தார். உயிர் நீத்தோரை இன்னொருவர் சுமந்தார். அயோத்தி மாவட்டம் பைஸாபாத்தில் சைக்கிள் பழுது பார்த்துப் பிழைத்த முகம்மது ஷரீஃப் அவர்களின் மகன் 1992இல் வெளியூரில் கொல்லப்பட்டார். உரிமை கோர ஆளில்லா உடல் என்று அது அப்புறப்படுத்தப்பட்ட பின்னரே தந்தைக்குச் செய்தி கிட்டியது. அத்துயரத்தை அவர் பகையாக்கவில்லை, பணியாக்கினார். நாதியற்ற உடல்களைத் தேடிப் பெற்று, இந்துவாயின் தகனமும் முஸ்லிமாயின் அடக்கமும் அவரவர் முறைப்படி செய்வித்தார். 2020இல் அவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், அதுவும் ஓர் ஆன்மாவன்றோ என்ற பொருள்பட விடையளித்ததையும் ஸஹீஹுல் புகாரி நமக்கு அறிவிக்கிறது.

இவ்விருவர் உள்ளத்திலும் குடிகொண்ட நிய்யத்தை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் நோயுற்ற அடியானைக் கவனியாது விட்டவனிடம் மறுமையில் இறைவன், நான் நோயுற்றபோது நீ வரவில்லையே என்று வினவுவான் எனும் ஹதீஸ் குத்ஸியை ஓதும் நமக்கு, இவர்களுடைய செயல் எத்தகைய விடை என்பது விளங்காமற் போகாது.

நம் பகுதிக்கு வருவோம். சுந்தரர் தோன்றிய தலமென நாடறிந்த திருநாவலூர், உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த சமவெளியில் உள்ளது. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஒரு பக்கம் இது. மறுபக்கம் கல்வராயன் மலை. தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008இல் தொடங்கிற்று; கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. இவை நன்றியுடன் போற்றத்தக்கவை. எனினும் சாலை முடிகின்ற இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிடும். மலைச் சிற்றூர்களில் கர்ப்பிணியையும் நோயாளியையும் டோலி கட்டித் தோளில் தூக்கிவந்த துயரக் கதைகள் நாம் அறியாதவையல்ல.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘கிஃபாயா’ என்னும் சொல்லுக்குப் ‘போதுமானது’ என்பது பொருள். ஒருவர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும் என்பது, அவ்வொருவர் செய்வது போதுமானதாக இருந்தால்தான். இருபது கிராமங்களுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போதுமா? போதாதெனில், எஞ்சிய கடன் எவர் தலையில் உள்ளது? தொண்டருக்குப் பொன்னாடை போர்த்துவதால் அக்கடன் தீர்வதில்லை. அவரோடு தோள் கொடுத்தால்தான் தீரும்.

தோள் கொடுக்கும் வழிகள் அரியவையல்ல. ஒவ்வொரு ஜமாஅத்தும் நள்ளிரவில் அழைத்தாலும் வரக்கூடிய ஒரு வாகனத்தையும் இரண்டு இளைஞர்களையும் ஏற்பாடு செய்யலாம். அவ்விளைஞர்களை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பலாம். இரத்தம் தருவோரின் பெயர்ப் பட்டியல் பள்ளிவாசலில் இருக்கலாம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நம் பகுதியூடே செல்கிறது. அதில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் வழக்கு வருமென்று இன்னும் அஞ்சுவோர் உண்டு. நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இவற்றை ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் எடுத்துரைப்பதும் ஒரு ஸதக்காவே.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் அனைத்தையும் வாழவைத்தவருக்கு ஒப்பாவார் என்பது திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் உணர்த்தும் உண்மை. தொழுதும் அற்பமான உதவியைக்கூட மறுப்போரை ‘மாஊன்’ அத்தியாயம் கண்டிக்கிறது. தொழுகைக்கு விரைகின்ற நம் கால்கள், அண்டை வீட்டாரின் அழைப்புக்கும் விரைவனவாக இருக்க வல்ல நாயன் அருள் புரிவானாக. ஆமீன்.