மூட்டுவலிக்கு எதற்கு டி.பி. டெஸ்ட்?

வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். முந்திரிக்கொட்டை உடைத்துப் பழகிய கை. இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. முடக்குவாதம்! பெரிய ஆஸ்பத்திரியில் 'பயாலஜிக்' ஊசி போடலாம் என்று சொல்லி, அதற்கு முன் மாண்டூ டெஸ்ட் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.

"டாக்டர், எனக்கு மூட்டுவலிதானே? அந்த டெஸ்ட் ஊசியாலேயே டி.பி. வந்துட்டா என்ன பண்றது?" என்றார்.

நியாயமான கேள்வி. உங்களுக்கும் இது வரலாம்.

காசநோய்க் கிருமி நுழைந்த எல்லோரும் நோயாளி ஆவதில்லை. எதிர்ப்புச் சக்தி அதைச் சுற்றி வேலி போட்டு அடைத்துவிடும். இருமல் இருக்காது, பிறருக்குத் தொற்றவும் செய்யாது. ஆனால், அது நீறு பூத்த நெருப்பு! எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் அந்த வேலியைப் பிரித்துவிடும். இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்த விவரம் 2001-ல் வெளியானது. அதில் 48 பேருக்கு மூன்று ஊசிக்குள்ளேயே வந்துவிட்டது.

டெஸ்ட் எப்படி?

முன்கைத் தோலுக்குள் 0.1 மி.லி. டியூபர்குலின் போடுவார்கள். அதில் உயிருள்ள கிருமி கிடையாது, புரதம் மட்டுமே. அதனால் டி.பி. வராது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். சிவப்பை அளக்க மாட்டார்கள், தடிப்பைத்தான் அளப்பார்கள். பொதுவாக 10 மி.மீ., எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 மி.மீ. இருந்தாலே பாசிட்டிவ். பாசிட்டிவ் என்றால் நோய் என்று அர்த்தமில்லை. எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சளிப் பரிசோதனை செய்து நோய் இல்லை என்று உறுதியான பிறகு, தடுப்பு மாத்திரை தருவார்கள். தினமும் ஐசோனியாசிட் என்றால் 6 மாதம். வாரம் ஒருமுறை சாப்பிடும் கூட்டு மருந்து என்றால் 12 வாரம். பெரும்பாலும் ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகே பயாலஜிக் ஊசியை ஆரம்பிப்பார்கள்.

மறைக்காதீர்கள்!

"வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா?" என்றேன். சுருக்குப்பையிலிருந்து பெயரில்லாத ஒரு பொடிப் பொட்டலம் வந்தது! ரெண்டே நாளில் வலி போகுமாம். ஒரு சித்த மருத்துவனாகச் சொல்கிறேன்: இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பவர்கள் உண்டு. அது சித்த மருந்தே அல்ல. ஸ்டீராய்டு உடம்பில் இருந்தால், கிருமி இருந்தும் தடிப்பு வராமல் டெஸ்ட் ஏமாற்றிவிடும். அதற்காகச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. பொட்டலத்தோடு போய் ஊசி போடும் டாக்டரிடம் காட்டுங்கள்.

"வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?" என்றேன். "மாமியாருக்கு" என்றார் தயங்கியபடி. "அதையும் அங்கே சொல்லுங்கம்மா. அதில் வெட்கமே வேண்டாம்" என்று அனுப்பினேன்.

நீங்களும் சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் கையைக் காட்டவும் மறக்காதீர்கள்!